தீபாவளித் தள்ளுபடியில் வந்த வெள்ளப் படம்

நாகமரத்துக் காட்டில் ஓர் ஆறு, மூன்று ஓடைகள், நூற்றுப் பதினெட்டு வளைகள். இவற்றை எண்ணிச் சொன்னது வேலப்பன் என்ற கீரி. அந்தக் காட்டில் எதை எண்ண வேண்டுமானாலும் வேலப்பனைத்தான் கூப்பிடுவார்கள்.

மழையை அளப்பது கீரியின் வேலை. காடெங்கும் அறுபத்து மூன்று மூங்கில் குழாய்களை நட்டு, எதில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று தினமும் குறித்து வரும். குறித்ததையெல்லாம் கணினியில் போட்டால், கணினி ஒரு வெள்ளப் படம் வரையும். எந்த வளைக்குள், எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் நுழையும் என்பது அந்தப் படத்தில் இருக்கும்.

ஆற்றோரத்து விலங்குகள் அதைப் பார்த்துத்தான் பாறை மேட்டுக்குக் குடிபோகும். முன்கூட்டியே போனால், மேட்டில் பருந்து கொத்தும். பிந்திப் போனால், ஆறு அடித்துக்கொண்டு போகும். ஆகவே நாள் தப்பக் கூடாது.

அந்த ஆண்டு புரட்டாசி பிறந்ததும் கணினி மக்கர் செய்யத் தொடங்கியது. நாற்பத்தோராவது குழாய் வரை கணக்குப் போடும். அதன்பின் திரை அப்படியே உறைந்து நிற்கும். கீரி தட்டிப் பார்த்தது, ஊதிப் பார்த்தது, திட்டியும் பார்த்தது. ஒன்றும் பலிக்கவில்லை.

எண்ணூறு புளியங்கொட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு கணினிக் கடைக்குப் போனது. கடை நடத்தியது ஒரு தேவாங்கு. அது எதையும் மெதுவாகத்தான் செய்யும். ஆனால் பொய் சொல்லாது.

"முதலாளி, வேகமான கணினி ஒன்று வேண்டும்."

தேவாங்கு தன் பெரிய கண்களை மூடி, மெல்லத் திறந்தது. "இதோ இருக்கிறது. உன் படத்தை நான்கே நிமிடத்தில் வரைந்துவிடும். எண்ணூறு கொட்டை."

"கொஞ்சம் குறையாதா?"

"குறையும். பத்து நாளில் ஆயுத பூஜை. அன்றைக்கு எழுநூறு. அதற்கு இருபதாம் நாள் தீபாவளி. அன்றைக்கு அறுநூறு. வருடா வருடம் வழக்கம்தானே."

கீரியின் மீசை துடித்தது. கொண்டுபோன பையை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியது. ஐந்து ஆண்டுகளாகக் கடையில் விலை ஏறியதையும் இறங்கியதையும் தன் பழைய கணினியில் போட்டது. சின்னக் கணக்குதானே, படம் திக்காமல் திணறாமல் வந்துவிட்டது. தேவாங்கு சொன்னது சரி. தீபாவளிதான் எல்லாவற்றிலும் கீழே இருந்தது.

கீரி அதை ரசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பூங்காவனம் வந்து நின்றது. பூங்காவனம் ஒரு முயல். ஆற்றுக்கு மிக அருகில், முப்பத்தோராவது வளையில் குடியிருந்தது. அப்போது அதற்கு வயிறு நிறையக் குட்டிகள்.

"வேலப்பண்ணே, படம் வந்துவிட்டதா?"

"வந்துவிட்டதே! இதோ பார்!"

முயல் எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணே இது, ஆறு கீழே இறங்கிக்கொண்டே போகிறது?"

"அது ஆறு இல்லை அம்மா, கணினி விலை. தீபாவளிக்கு வாங்கப்போகிறேன். வாங்கியதும் முதல் படம் உனக்குத்தான்."

"தீபாவளிக்கு முன்னால் மழை வந்துவிட்டால்?"

"இருபத்தேழு ஆண்டுக் கணக்கு என்னிடம் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளில் பெருமழை தீபாவளிக்குப் பிறகுதான் வந்தது."

"மீதி எட்டு ஆண்டுகள்?"

கீரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "அது வேறு கணக்கு" என்றது.

ஆயுத பூஜை வந்தது. கடையில் விலை எழுநூறுக்கு இறங்கியது. கீரி போய்ப் பார்த்தது, தடவிப் பார்த்தது, இன்னும் நூறு குறையப்போகிறதே என்று வந்துவிட்டது. வீட்டில் பழைய கணினிக்குச் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, பொரிகடலை படைத்தது.

அந்தப் பக்கமாக வந்த பூங்காவனம் சிரித்தது. "பொட்டு வைத்தால் நாற்பத்தோராவது குழாயைத் தாண்டுமா அண்ணே?"

"கேலி பண்ணாதே. இன்னும் இருபதே நாள்."

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது கிழக்கே கருத்தது. மதியத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. மூங்கில் குழாய்கள் நிறைந்து வழிந்தன. கீரி நனைந்துகொண்டே கடைக்கு ஓடியது.

"முதலாளி, இன்னும் மூன்று நாள்தானே! இன்றைக்கே அறுநூறுக்குக் கொடுத்தால் என்ன?"

தேவாங்கு மெல்லத் தலையைத் திருப்பியது. "இன்னும் மூன்று நாள்தானே! இன்றைக்கே எண்ணூறு கொடுத்தால் என்ன?"

"மழை பெய்கிறதே!"

"பெய்கிறது. தள்ளுபடி மழைக்கு இல்லை வேலப்பா, தீபாவளிக்கு."

கீரி ஆற்றைப் பார்த்தது. பிறகு தன் பையைப் பார்த்தது. ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு போயிற்று. அதை எண்ண முடியவில்லை. பையில் இருந்ததை எண்ண முடிந்தது. இருநூறு கொட்டை மிச்சம் என்றால் சும்மாவா? கீரி பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தது.

வழியில் பூங்காவனம் மறித்துக்கொண்டது. அதற்குக் குட்டிகள் பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஏழு குட்டிகள். ஒன்றும் இன்னும் கண் திறக்கவில்லை.

"அண்ணே, நான் போகட்டுமா, இருக்கட்டுமா? மேட்டில் பருந்து சுற்றுகிறது. வளைக்குள் ஈரம் ஏறுகிறது. ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

"மூன்று நாள் பொறு. மணிக்கணக்கோடு சொல்கிறேன்."

"மணி வேண்டாம். குத்துமதிப்பாகச் சொன்னால் போதும்."

கீரிக்கு ரோசம் வந்துவிட்டது. "குத்துமதிப்பாகச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது!" என்றது.

முயல் நம்பித் திரும்பிப் போயிற்று. இத்தனை ஆண்டுகளில் வேலப்பன் சொன்ன கணக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லையே!

தீபாவளி அன்று சூரியன் எழும்போது கடை வாசலில் முதல் ஆளாக நின்றது கீரி. அறுநூறு கொட்டைகளை எண்ணிக் கொடுத்தது. தேவாங்கு அவற்றை மறுபடி ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும்வரை, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. பிறகு கணினியைத் தேக்கு இலையில் சுற்றி, ஒரு சொட்டு மழை படாமல் வீட்டுக்குச் சுமந்து வந்தது.

புதுக் கணினி அறுபத்து மூன்று குழாய்களையும் ஒரே மூச்சில் விழுங்கியது. சரியாக நான்கு நிமிடம். பாய் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு படம் அச்சாகி வந்தது. ஒவ்வொரு வளையும் தனித்தனி நிறத்தில்! இப்படி ஒரு படத்தைக் கீரி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஆசையோடு முப்பத்தோராவது வளையைத் தேடிப் படித்தது.

"தண்ணீர் நுழையும் நேரம்: நேற்று மாலை நான்கு மணி பத்து நிமிடம்."

கீரி படத்தைச் சுருட்டித் தேக்கு இலைக்குள் செருகிக்கொண்டு ஓடியது. ஓடையில் விழுந்தது, எழுந்தது, மறுபடி ஓடியது. முப்பத்தோராவது வளை இருந்த இடத்தில் குளம் ஒன்று கிடந்தது. வளையைக் காணோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி, சாய்ந்து கிடந்த மருத மரத்தின் மேல் பூங்காவனம் குந்தியிருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. உடம்பெல்லாம் சேறு.

கீரி குட்டிகளை வாய்விட்டு எண்ணியது. "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு..." அதற்கு மேல் எண்ண வரவில்லை. 

பூங்காவனம் தன் முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது. அதன் அடியில் ஏழாவது குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீந்தி நீந்தி ஏழு தடவை வந்தேன் அண்ணே" என்றது முயல். "ஏழாவது தடவை கழுத்து வரைக்கும் தண்ணீர். மேட்டுக்குப் போக முடியவில்லை. இந்த மரம்தான் கிடைத்தது."

கீரி தேக்கு இலையைப் பிரித்துப் படத்தை நீட்டியது.

முயல் வாங்கிப் பார்த்தது. "அழகாகத்தான் இருக்கிறது. இந்த நீலப் பொட்டுதானே எங்கள் வீடு?"

"ஆமாம்."

"நேரம்கூடச் சரியாகப் போட்டிருக்கிறதே! நான்கு பத்துதான். நானும் பார்த்தேன்."

மழை மறுபடி வலுத்தது. குட்டிகள் கீச்சிட்டன. முயல் காகிதத்தை விரலால் தடவிப் பார்த்தது. நல்ல தடிமன்.

"நனையாமல் கொண்டுவந்தீர்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சொல்லிப் படத்தை விரித்துக் குட்டிகளுக்கு மேலே கூரை போலப் பிடித்தது. ஒரு பக்கத்தைக் கிளையில் செருகியது. இன்னொரு பக்கத்தைப் பல்லால் கவ்விக்கொண்டது. அப்படியும் ஒரு மூலை தொங்கிப் போய், அதன் வழியே தண்ணீர் குட்டிகளின் மேல் வடிந்தது.

மழை விடும்வரை வேலப்பன் அந்த மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

நீதி: வேலைக்கு நாள் குறித்தாகிவிட்டால், கருவியின் விலை இறங்கும் நாளைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.