கணுப் பலகை

மெஷின் பாதிப் பலகையில் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அணைத்தேன். பெல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி போட்டேன். மரத்தில் கணு வந்த இடத்தில் மறுபடி நின்றது.

அன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஒரு வீட்டில் வாசல் நிலை வைக்கிறார்கள். மஞ்சள் பூசி, பூச்சுற்றி, சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டாயிற்று. நிலை செய்ய வேண்டியவன் நான். என் தச்சுக் கடைக்கு வந்த முதல் வேலை. வேப்ப மரம், அடிக்கு ஒரு கணு.

கடையைக்கூடப் பூட்டாமல் அமலி அக்காவிடம் ஓடினேன். ரம்பத்துக்குச் சாணை பிடிக்கிறவர். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவரிடம்தான். அதுவும் பாதி நாள், உட்காரப் பொறுமையில்லாமல் நின்றுகொண்டே.

"மெஷின் நின்னுபோச்சுக்கா."

அக்கா நிமிரவில்லை. "எந்த மரத்துல?"

"வேம்பு. கணு வந்தா நிக்குது."

ரம்பத்தின் கடைசிப் பல் வரைக்கும் தீட்டி முடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கலாம் வா என்றார்.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். மெஷினை விற்ற மணப்பாறை பெரியநாயகத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். அறுக்க, இழைக்க, துளை போட எல்லாத்துக்கும் ஒரே மெஷின். பழசு, ஆனால் புதுப் பெயிண்ட். ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் ஒரு தேக்குப் பலகையை விட்டுக் காட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. அடுத்து ஒருத்தர் பார்க்க வருகிறார் என்றார். அங்கேயே பேசி முடித்து வண்டியில் ஏற்றிவிட்டேன். நல்லா ஏமாத்திட்டாருக்கா என்றேன்.

"அவர் காட்டின பலகை ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"அப்புறம் என்ன ஏமாத்தினாரு?"

பஸ் ஸ்டாப் டீக்கடை வந்துவிட்டது. வெளியே செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டிருந்தார்கள். நாலடி வேப்பம் பலகை. நடுவில் முட்டை அளவுக்குக் கணு.

அந்தப் பலகை எனக்குத் தெரியும். மணப்பாறைக்குக் கிளம்பிய அன்று அக்கா தேடி எடுத்துக் கொடுத்தது. இதை அந்த மெஷினில் விட்டுப் பார், கணுவைத் தாண்டினால் விலை பேசு, நின்றால் திரும்பி வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் கூட்டம். பலகையோடு ஏறினால் கண்டக்டர் கத்துவார். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். இந்த டீக்கடைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஏறிவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்ததும், பலகை ஓடியதா என்று அக்கா கேட்டார். ஓடியது என்றேன்.

அக்கா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். கேட்காமலே டீ வந்தது.

"மூணு நாளா இதுமேல உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன்."

எனக்குக் காது சுட்டது. "அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டேனே. ஓடுச்சுன்னு சொன்னியே."

நான் ரோட்டைப் பார்த்தேன். நிலைக்கு இப்போ என்ன செய்யறது என்றேன். கேட்கும்போதே கால் கடைப் பக்கம் திரும்பிவிட்டது.

அக்கா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். சரியாகக் கணு இருந்த இடம்.

"முதல்ல இதுல உட்காரு."

நான் உட்காரவில்லை.