அக்குளில் கட்டிய நெறி

ஆவுடையம்மையின் வைத்தியசாலையில் மருந்து படிக்க வந்தவர்களில் மூத்தவர் நாச்சியப்பன். ஆசிரியைக்கே அண்ணன் வயது. கோபம் மட்டும் இளவட்டமாகவே நின்றுவிட்ட மனிதர்.

அன்று அவர் வலது கை முழுக்கக் கொப்புளம். அக்குளில் நெறி கட்டியிருந்தது.

"சந்தனம் பயலை இன்னைக்கே வெளியே அனுப்புங்கம்மா. மருந்துக்கொட்டை அறுக்குறதுக்கு முன்ன கையில தடவுற எண்ணெய்ல என்னத்தையோ கலந்துட்டான்."

சந்தனம் கூடப் படிப்பவன். இங்கிருந்து அனுப்பினால் போக்கிடம் கிடையாது.

"இது சேராங்கொட்டைப் பால் பட்டு வந்த கொப்புளம் அண்ணாச்சி."

"ஒரு சொட்டுதான் பட்டுது. போன மாசம் எண்ணெய்கூடத் தடவாம, கூடை நிறையக் கொட்டைக்கு மூக்கு நுனியை அறுத்துப் போட்டேனே. ஒண்ணும் ஆகலியே."

"அன்னைக்கு எரியலியா?"

"லேசா எரிஞ்சுது. துடைச்சுட்டேன்."

ஆவுடையம்மை அவர் அக்குளை இரண்டு விரலால் அழுத்தினார். நாச்சியப்பன் நெளிந்தார்.

"இங்கதான் காவல்காரங்க இருக்காங்க. தோலுக்குள்ள தூதன் ஒருத்தன். அன்னைக்கு அந்தப் பால்ல ஒரு துணுக்கை எடுத்துக்கிட்டு வந்து இவங்ககிட்ட காட்டியிருக்கான். இவங்க ஆள் சேர்த்துக்கிட்டுக் காத்திருந்தாங்க. இந்தத் தடவை ஒரு சொட்டே போதுமா இருந்துச்சு."

மனிதருக்கு அரிப்பே மறந்துபோயிற்று. நமக்குள்ளேயே இத்தனை கூத்தா என்று அக்குளைத் தடவிப் பார்த்தார்.

"துணுக்கைப் பார்த்ததும் அது பகைன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அதை மட்டும் பார்த்தா தெரியாது. கொண்டு வந்தவன் பதறிக்கிட்டு வந்தானான்னும் பார்ப்பாங்க. நிதானமா வந்து காட்டியிருந்தா, பேசாம விட்டிருப்பாங்க."

"தோல் எரியும்போது அவன் பதறாம என்ன செய்வான்?"

"வாஸ்தவம். அவன் மேல தப்பு சொல்ல முடியாது."

"அப்போ கொட்டையை நேர்ல பார்க்காமலே இத்தனை பேரும் கிளம்பிட்டாங்களா?"

"ஆமா."

நாச்சியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல காவல்காரங்க, போங்க."

ஆவுடையம்மை கொப்புளங்களுக்கு மருந்து போட ஆரம்பித்தார்.

"சந்தனம் கலந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்க்கலம்மா. அவன் எண்ணெய்ச் சட்டிகிட்ட நின்னானாம். கூடப் படிக்கிற ஏகாம்பரம்தான் வந்து சொன்னான்."

"எப்படி வந்து சொன்னான்?"

"பதறிக்கிட்டுத்தாம்மா வந்தான்" என்ற நாச்சியப்பனின் கை தானாக அக்குளுக்குப் போயிற்று.