கடலைக் கூப்பிட்ட வழக்கு

முன்னே ஒரு காலத்தில், உப்பு விளையும் ஒரு கடற்கரை நாட்டில், இடும்பன் என்றொரு விகடகவி இருந்தான். அரசனைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். சிரிப்பு வராத நாளில் தலை போனாலும் போகும்.

அதே சபையில் மெய்ப்பொருளார் என்றொரு வணிக ஆலோசகர். ஊரார் சேமிப்பைக் கப்பல் வணிகத்தில் போட்டு இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்றார். அரசனுக்கே யோசனை சொல்கிறவராயிற்றே என்று நம்பி, உப்பளத்துச் சனம் தோடு, தாலிப்பொட்டு வரை கழற்றிக் கொடுத்தது. மூன்றாம் மாதம், கப்பல் மூழ்கிவிட்டது என்று கையை விரித்தார் அந்தப் புண்ணியவான். செய்தி கேட்ட அன்றே உப்பளத்து உலகாயியின் கணவன் கடலுக்குள் நடந்து போனான். திரும்பவில்லை.

இடும்பனுக்குப் பொறுக்கவில்லை. அவளைச் சபைக்கே அழைத்து வந்து நிறுத்தினான்.

"குடுத்ததைத் திருப்பித் தரச் சொல்லுங்க சாமி. ரெண்டு புள்ளைங்க பசியில கெடக்குது" என்றாள் உலகாயி.

மெய்ப்பொருளார் ஓர் ஓலையை நீட்டினார். "அரசே, இது இவர்கள் கைநாட்டு வைத்த ஓலை. நம் துறைமுகத்து மாலுமிகள் நாற்பது பேருடன் கப்பல் செல்லும், நட்டம் வந்தால் கடலே பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. படிக்காமல் கைநாட்டு வைத்தால் அடியேன் என்ன செய்வேன்?"

இடும்பனைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் ஒருவர் எழுந்தார். "அப்படியானால் விகடகவி கடலையே விசாரிக்கட்டும், அரசே."

அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று. "நாளை மாலை கடல் என் சிம்மாசனத்தின் முன் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் வழக்கும் இல்லை, உன் தலையும் இல்லை."

"ஆகட்டும் அரசே. சிம்மாசனத்தை எங்கே போடுவது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றான் இடும்பன். அரசன் தலையசைத்தான்.

மறுநாள் மாலை, நீர் உள்வாங்கிக் கிடந்த கடற்கரை மணலில் சிம்மாசனம் போடப்பட்டது. ஊரே கூடியது. அமைச்சர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நாழிகை போகப் போகக் கடல் ஏறி வந்தது. கடைசியில் அரசனின் பாதத்தை நனைத்து நின்றது.

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி இடும்பன் கழுத்தில் போட்டான். "வந்துவிட்டதடா. விசாரி."

இடும்பன் கடலைப் பார்க்கவில்லை. கூடியிருந்த மாலுமி வீட்டுப் பெண்களைப் பார்த்தான். அந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனைவி ஆயுள் முழுக்கக் கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். மாலுமிக் கணவனைக் கடல் கொண்டுபோனால், கரையில் நின்று ஒரே ஒரு முறை உரக்கச் சொல்வாள்.

"தாய்மார்களே, இந்த ஆண்டு இங்கே யாராவது பெயர் சொன்னீர்களா?"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"நாற்பது மாலுமிகள் மூழ்கினார்களாம் அரசே. நாற்பது வீட்டில் ஒரு வீட்டில்கூட அழுகை இல்லை. கடல்மேல் குற்றமில்லை. கப்பலே புறப்படவில்லை."

மெய்ப்பொருளார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். காவலர்கள் அவர் வீட்டு நிலவறையிலிருந்து பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது அங்கேயே திரும்பியது. அவர் சிறைக்குப் போனார். அரசன் மறுபடியும் சிரித்தான்.

உலகாயி தன் தாலிப்பொட்டைக் கையில் வாங்கினாள். அதை இனி எங்கே கட்டிக்கொள்வாள்? இடும்பனிடம் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மாலுமி இல்ல. அதனால பேரு சொல்ல என்னை யாரும் கூப்பிடல. கடலு இங்கதான நிக்குது, நானும் சொல்லிரட்டுமா சாமி?"

இடும்பன் விலகி வழிவிட்டான். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"பெரியாண்டி" என்று கூப்பிட்டாள்.

அரசனின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவனை மறுபடி சிரிக்க வைப்பதுதான் இடும்பனின் உத்தியோகம். அன்று அவன் அதைச் செய்யவில்லை.