காந்தம் ஒட்டாத துப்பாக்கி

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிற கரட்டுப்புதூர்க்காரர்களுக்கு அறிவு குறைவு என்று சொல்வது அபாண்டம். இருந்த அறிவை அவர்கள் மிச்சம் வைக்காமல் செலவழித்தார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

அந்த ஊர் அத்தியப்பனுக்கு இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. வெள்ளிக்கிழமை கிழங்கு ஏற்ற ஜவ்வரிசி ஆலை லாரி வரவிருந்தது. அதற்குள் காட்டுப்பன்றிகள் நாளுக்கு இரண்டு உழவுசால் வீதம் கிளறித் தின்றுகொண்டிருந்தன. இந்த வெள்ளாமையும் போனால் அடுத்த வருஷம் வரைக்கும் வெறும் கஞ்சிதான் என்று அவன் மனைவி பாவாயி சொல்லிவிட்டாள். ஆகவே அத்தியப்பன் போன வருஷமே எடுத்துவைத்திருந்த லைசென்ஸோடு போய், சேலத்துக் கடையில் ஒரு பம்ப் துப்பாக்கி வாங்கி வந்தான். குழலுக்கு அடியில் இருக்கும் பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் தோட்டா ஏறும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் பன்றிகள் மலையேறிவிடும்.

கடைக்காரர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "இதுல பாதி இரும்பு, பாதி பிளாஸ்டிக். இரும்பை ஈரத்துல வைக்காதீங்க, துருப்பிடிச்சு உதிர்ந்துரும். பிளாஸ்டிக்கை வெயில்ல வைக்காதீங்க, கீறல் விட்டுரும்."

வீட்டு வாசலில் ஆலோசனை கூடியது. அத்தியப்பன், அவன் சித்தப்பா வரதப்பன், பாவாயியின் தம்பி சடையாண்டி ஆக மூன்று பேர். வரதப்பன் எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவர். எட்டை ஒரு முறை மட்டும் படித்தவர்களைவிட மூன்று மடங்கு படித்தவர் என்று ஊரில் அவருக்கு மரியாதை.

"காலைல காட்டுல பனி, மச்சான். இரும்பு போச்சு," என்றான் சடையாண்டி.

"பனி போனா வெயிலு. பிளாஸ்டிக் போச்சு," என்றான் அத்தியப்பன். அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. "அப்ப இதை எப்பத்தான் வெளிய எடுக்கறது?"

வரதப்பன் கண்ணை மூடித் திறந்தார். "பிரிச்சு வைங்கடா. இரும்பு மொட்டை மாடில காயட்டும். பிளாஸ்டிக் மோட்டார் ரூம் நிழல்ல இருக்கட்டும். பன்றி வந்தா ரெண்டையும் சேத்துக்கலாம்."

எது இரும்பு, எது பிளாஸ்டிக்? எல்லாமே ஒரே கறுப்பு. பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய காந்தத்தை வரதப்பன் கொண்டுவந்தார். குழலில் டப்பென்று ஒட்டியது. தோளில் வைக்கும் கட்டையில் ஒட்டவில்லை. விசை இருக்கும் நடுக்கூட்டிலும் ஒட்டவில்லை.

நடுக்கூடு அலுமினியம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. பித்தளையில், ஈயத்தில், தங்கத்திலும் ஒட்டாது. கரட்டுப்புதூரில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

"தட்டினா டங்குனு கேக்குதே, சித்தப்பா?" என்றான் அத்தியப்பன்.

"சத்தம் ஏமாத்தும். காந்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"இருங்க, கடிச்சே பாத்துர்றேன்," என்ற சடையாண்டி நடுக்கூட்டைக் கடித்தான். முன்பல்லில் பாதி வாசலில் விழுந்தது.

"பாத்தீங்களா! இரும்பேதான்!"

வரதப்பன் விழுந்த பல்லில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். "பல்லும் பிளாஸ்டிக்டா. ரெண்டு பிளாஸ்டிக் மோதினா பழசுதான் உடையும்."

அன்றிலிருந்து சடையாண்டி வெயிலில் வாய் திறப்பதில்லை.

சோதனை வீட்டுக்குள்ளும் போனது. பாவாயியின் பித்தளைக் குடத்தில் காந்தம் ஒட்டவில்லை.

"எங்கப்பா சீர் குடுத்த குடத்தையா பிளாஸ்டிக்குங்கறீங்க?"

"வெசனப்படாத, அம்மிணி," என்றார் வரதப்பன் பரிவோடு. "அவரையும் கடைல ஏமாத்தியிருப்பாங்க."

குடம் மோட்டார் ரூமுக்குப் போனது. பாவாயி தலையில் அடித்துக்கொண்டு மண்குடத்தோடு தண்ணீருக்குப் போனாள்.

புதன்கிழமை பொழுது இறங்கும் நேரத்தில் பன்றிகள் வந்தன. வெயில் போய்விட்டது, பனி இன்னும் இறங்கவில்லை. இப்படி ஒரு நேரம் வாய்க்கும் என்று அத்தியப்பன் கனவிலும் நினைக்கவில்லை. மாடியிலிருந்து குழல் வந்தது, மோட்டார் ரூமிலிருந்து மற்றது வந்தது. மாட்டி முடித்து அவன் தோட்டாவை எடுத்ததும் வரதப்பன் கையைப் பிடித்தார்.

"தோட்டாவைச் சோதிச்சியா?"

மேல் உறையில் காந்தம் ஒட்டவில்லை. அடியில் இருந்த பித்தளையில் ஒட்டவில்லை. உறையைக் கிழித்துக் கொட்டிப் பார்த்தால் உள்ளே இருந்த ஈயக் குண்டுகளிலும் ஒட்டவில்லை.

"அத்தனையும் பிளாஸ்டிக். பன்றி எதுன்னு தெரியாம வெடிச்சு, அது இரும்பா இருந்துட்டா? நம்மள மதிக்குமா?"

கண்ணெதிரே ஒவ்வொரு கிழங்காகப் போய்க்கொண்டிருந்தது. அத்தியப்பனுக்கு ஒவ்வொன்றும் ஒரு வேளைச் சோறாகத் தெரிந்தது. "மாப்ள, ஓடு! பாத்துட்டு வா!"

சடையாண்டி தவழ்ந்து போய்ப் பெரிய பன்றியின் முதுகில் காந்தத்தை வைத்தான். பன்றி ஒரு துள்ளு துள்ளி அவனை வரப்பில் உருட்டிவிட்டுக் குடும்பத்தோடு மலைக்காட்டுக்குள் ஓடியது. அவன் வெறுங்கையோடு வந்தான்.

"காந்தம் எங்கடா?"

"காணோம். பன்றியோட போயிருச்சு."

அது மூன்றாவது சாலில் விழுந்து கிடந்தது. யாரும் தேடவில்லை.

"போயிருச்சுன்னா ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்," என்றார் வரதப்பன், குரலைத் தாழ்த்தி. "பன்றி சுத்த இரும்பு."

அத்தியப்பன் தொப்பென்று உட்கார்ந்தான். இரும்பை எதிர்த்து மனிதன் என்ன செய்வான்? அப்போது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அவனுக்கே ஒரு யோசனை வந்தது.

"சித்தப்பா, இரும்புன்னா... ஈரம் ஆகாதல்ல?"

வரதப்பன் அவனைக் கட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் போட்ட மோட்டாரைச் சாயங்காலம்தான் நிறுத்தினார்கள். கிழங்குக் காடு முழங்கால் சேறாகிவிட்டது. பன்றிகள் வந்தன. அவ்வளவு அருமையான சேற்றைக் கண்டதும் கிழங்கை மறந்து படுத்து, புரண்டு, மல்லாந்து கிடந்தன. எழுந்தபோது தலையிலிருந்து வால் வரை செம்மண்.

"துரு ஏறிருச்சு!" என்று கூவினான் சடையாண்டி.

"குட்டியைக்கூட விடலையே!" என்றார் வரதப்பன்.

உதிர்வதைக் கிட்டத்தில் பார்க்க மூவரும் சேற்றில் இறங்கினார்கள். பன்றிகள் சாவகாசமாக எழுந்து மலைப்பக்கம் போய்விட்டன. வரப்பில் ஏறிச் சேறு காயும்வரை நின்ற அத்தியப்பன் தற்செயலாகக் குனிந்து தன் காலைப் பார்த்தான். முழங்கால் வரை சிவப்பு. விரலால் சுரண்டினான். பொருக்குப் பொருக்காக விழுந்தது.

"சித்தப்பா... எனக்கும் உதிருது."

வரதப்பன் தன் காலைப் பார்த்தார். சுரண்டினார். அதுவும் உதிர்ந்தது.

"அப்ப எனக்குப் பல்லு மட்டுந்தான் பிளாஸ்டிக்கா!" என்று அலறினான் சடையாண்டி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாவாயி அக்கம்பக்கத்துப் பெண்களோடு காட்டில் இறங்கினாள். ஊறிக் கிடந்த மண்ணில் கிழங்கு பிடித்த பிடியில் வந்தது. பன்றி தின்றதுபோக அறுபது மூட்டை. லாரிக்காரர் மூட்டைகளைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார்.

"தூக்கி வைக்க ஆம்பளைங்க யாரும் இல்லையா, அம்மா?"

பாவாயி மொட்டை மாடியைக் காட்டினாள். சுள்ளென்ற வெயிலில், துருவுக்குத் துப்பாக்கி எண்ணெய் பூசிக்கொண்ட மூன்று பேர் குழலுக்குப் பக்கத்தில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒருவன் வாயை மட்டும் துண்டால் மூடியிருந்தான்.

"இருக்காங்க. இன்னும் காயல," என்றாள்.

மேலிருந்து அத்தியப்பனின் குரல் கேட்டது.

"பாவாயி! இந்தப் பக்கம் ஆயிருச்சு. வந்து திருப்பிப் போட்டுட்டுப் போ!"