செல்வம் போட்டு உள்ளே போனவர்கள்

தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் நோயாளிகள் விவரம் முழுவதும் இருக்கும் டேட்டாபேஸுக்கு ஷகிலா பானு பொறுப்பு. அவரிடம் அந்த வேலையின் புதுப் பாடம் கற்றுக்கொள்பவர், இருபது வருடமாக அதே பிரிவில் இருக்கும் மரியசெல்வம். சீடருக்குக் குருவைவிட இருபது வயது கூட. அதில் அவருக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

டேட்டாபேஸைத் திறக்க இருபது வருடமாக ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்டு. இரண்டும் மரியசெல்வத்துடையவை. அவசரமென்று யார் வந்து நின்றாலும் மனுஷனுக்கு இல்லையென்று சொல்ல வராது. லேப், மருந்தகம், வார்டு என்று பதினாலு பேருக்கு அது மனப்பாடம். "செல்வம் போட்டு உள்ளே போ" என்பது அங்கே பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

போன செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு நோயாளியின் ரத்த வகையை மாற்றிப் பதிந்துவிட்டார்கள். ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே நர்ஸ் கண்டுபிடித்ததால் அந்த அம்மாள் தப்பித்தார். பதிந்தவர் பெயர் என்ற இடத்தில் மரியசெல்வம் என்று இருந்தது. இன்று சாயங்காலம் விசாரணை. ஓய்வு பெற எட்டே மாதம் இருக்கும்போது இப்படியொரு கெட்ட பெயர்.

காலையில் வந்து பார்த்தால் அவருடைய பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. ஷகிலாதான் அதை நீக்கியிருந்தார். இனி அவரவர் தம் சொந்த ஆபீஸ் ஐடியில் நுழைந்து ஒரு டோக்கன் வாங்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் டேட்டாபேஸ் திறக்கும். நோயாளியைப் பார்க்க வாசலில் பாஸ் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் போவது மாதிரிதான். டோக்கனுக்கு ஒரு மணி நேரம்தான் ஆயுள்.

 மரியசெல்வம் நேரே ஷகிலாவின் மேசைக்குப் போனார்.

"மேடம், நீங்களும் என்னை நம்பலையா?"

ஷகிலா அவரை உட்காரச் சொன்னார்.

"உங்க மக கல்யாணம் என்னைக்கு நடந்துச்சுண்ணே?"

"பிப்ரவரி ஒன்பது."

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். யார் எப்போது உள்ளே வந்து என்ன செய்தார்கள் என்று டேட்டாபேஸ் தானாகவே குறித்துவைத்த பட்டியல். தேதி பிப்ரவரி ஒன்பது.

மரியசெல்வம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பத்து ஐந்துக்கு மரியசெல்வம் லேபில் ஒருவருடைய சர்க்கரை அளவைப் பதிந்திருந்தார். பத்து ஆறுக்கு மருந்தகத்தில் இன்சுலின் கொடுத்திருந்தார். பத்து ஏழுக்கு மூன்றாம் வார்டில் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்திருந்தார். அந்த நேரத்தில் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

பட்டியல் பின்பக்கமும் தொடர்ந்தது. திருப்பிப் பார்த்தார். அங்கேயும் அவர் பெயர்தான்.

"நான் அன்னைக்கு இங்க இல்லவே இல்லையே மேடம்."

"தெரியும்ணே. சாயங்காலம் இந்தத் தாளைத்தான் குடுக்கப் போறேன்."

ஷகிலா பட்டியலில் அவர் பெயர்மேல் விரலை வைத்தார்.

"இருபது வருஷமா இங்க எல்லாரும் மரியசெல்வமா இருந்துட்டாங்க. இனிமே நீங்க மட்டும் இருங்கண்ணே."