கோட்டுக்கு மேல ஒரு குட்டி

தாழங்குளத்துக்குக் காவல் ஒரு ஆள்காட்டிக் குருவி. பேரு தித்தி. கரையில புதுசா யாராவது கால் வச்சா போதும், குளமே அலறுற மாதிரி கத்திரும்!

அன்னிக்கும் கத்துச்சு. கத்தினதுக்கு அப்புறம்தான் பாத்துச்சு, வந்திருக்கிறது ஒரு யானைக்குட்டி. தனியா! உடம்பெல்லாம் சாம்பல்.

"எங்க காட்டுல தீ, அக்கா! எல்லாரும் ஓடினோம். அம்மாவைக் காணோம்"னு தேம்புச்சு. பேரு அம்பாரியாம்.

'ஐயோ, ஏன்டா கத்தினோம்'னு ஆயிருச்சு தித்திக்கு. அதுக்குள்ள முள்ளம்பன்றி முள்ளாண்டி வந்தாச்சு! குளத்துல யார் தங்கலாம்னு முடிவு பண்றது அவருதான்.

சட்டம் ரொம்பச் சின்னது. தனியா வர்ற குட்டின்னா தங்கலாம், யாராவது பால் குடுத்து வளக்கணும். பெரிசுன்னா பொழுது சாயறதுக்குள்ள வந்த வழியே திரும்பணும். எது குட்டி, எது பெரிசு? அதுக்குத்தான் மருத மரத்துல ஒரு கோடு! வளந்த மான் ஒண்ணை நிக்க வச்சு, தோள் உயரத்துக்குக் கீறினது. அந்தக் குளம் அதுவரைக்கும் யானையையே பாத்ததில்ல!

அம்பாரி மரத்தடியில நின்னுச்சு. முதுகு கோட்டுக்கு ஒரு சாண் மேல!

"பெரிசு! கெளம்பு!"

"சத்தியமா குட்டிதாங்க! நாலு மாசம்தான் ஆகுது!"

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. கோடு பொய் சொல்லாது!"

அம்பாரி திரும்பி நடந்துச்சு. அந்தப் பக்கம் இன்னும் புகை. நாலடி போகல, தன் தும்பிக்கையைத் தானே மிதிச்சு குப்புற விழுந்துச்சு!

தித்திக்குப் பொறுக்கல. பறந்து போய்க் கோட்டுக்குக் கீழ நின்னுச்சு. "ஐயா, என்னை அளங்க!"

"உன்னை எதுக்கு?"

"நான் மூணு தடவை குஞ்சு பொரிச்சவ. கோட்டுக்கு எவ்வளவு கீழ இருக்கேன் பாருங்க! எனக்கு யாரு பால் குடுக்கப் போறா? அட, நீங்களும் கீழதானே! உங்களுக்கும் தாலாட்டுப் பாடவா?"

தண்ணி குடிச்சிட்டிருந்த காட்டுமாடு செவந்தி சிரிப்பை அடக்க முடியாம புரையேறி இருமுச்சு.

முள்ளாண்டிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கிச்சு. "வேற எப்படித்தான் பாக்கச் சொல்ற?"

"ஆத்துப் பக்கம் பெரிய யானைங்களைப் பாத்திருக்கேன். தும்பிக்கையால உறிஞ்சித்தான் தண்ணி குடிக்கும். இவன் ஒரு வாய் குடிக்கட்டும், பாருங்க!"

அம்பாரி தும்பிக்கையைத் தண்ணிக்குள்ள விட்டுச்சு. உறிஞ்சத் தெரியல! தும்மல்தான் வந்துச்சு. கடைசியில மண்டி போட்டு, தும்பிக்கையைத் தலைக்கு மேல தூக்கிட்டு, வாயாலேயே மடக் மடக்குன்னு குடிச்சுச்சு. குடிச்ச கையோட நேரா செவந்தி மடியைப் போய் முட்டுச்சு!

"என் கன்னு குடிச்சதுபோக மிச்சம் இருக்கு. இவன் என்கூட இருக்கட்டும்"னுச்சு செவந்தி.

முள்ளாண்டி மரத்துக்கிட்ட போனாரு. பின்னங்கால்ல எம்பி நின்னு, தன் பல்லாலேயே அந்தக் கோட்டைச் சுரண்டித் தள்ளிட்டாரு!

"புகை அடங்கட்டும்டா. உங்கம்மாவைத் தேடி நானே பறந்து போறேன்"னு தித்தி சொல்ல, பால் நுரை ஒட்டின வாயோட தலையாட்டுச்சு அம்பாரி.

தித்தி இப்பவும் கத்தத்தான் செய்யுது. ஆனா கத்துறது இப்படி: "ஒரு புள்ள வந்திருக்கு! பால் யார்கிட்ட இருக்கு?"

அடைக்கலம் தேடித் தனியா வந்த புள்ளைய, கோட்டை வச்சு அளக்காம கண்ணைத் திறந்து பாக்கிறதுதான் நியாயம்.