சடைக்குச் சிக்கெடுத்த நாகபூசணம் அம்மையார்

துறைமுகத்துக்கு லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையில் மாநகராட்சியின் பெண்கள் காப்பகம் இருக்கிறது. முன்பு அது பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடியபோது, நடைபாதையிலும் பாலத்தடியிலும் படுத்துக் கிடந்த பெண்களுக்கென்று அதை ஒதுக்கிக் கொடுத்தார்கள். வகுப்பறைச் சுவர்களில் இன்னும் கரும்பலகைகள் இருக்கின்றன. அவற்றின் கீழே வரிசையாகப் பாய்கள். அந்தக் காப்பகத்தில் கக்கூஸ் கழுவி, கூடம் பெருக்கி, யாரும் தொடத் தயங்கும் துணிகளைத் துவைத்து உலர்த்தியவர் நாகபூசணம் அம்மையார்.

அவரும் ஒரு காலத்தில் தெருவில் கிடந்தவர்தான். கணவர் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டினார். அவர் இறந்ததும் வாடகை வீடு கைவிட்டுப் போயிற்று. பாலத்தடியில், தலைமாட்டில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு படுத்தார் அம்மையார். கல் தலையணைக்கு அல்ல, நெருங்கி வருகிற ஆண்களுக்கு. மாநகராட்சி வண்டி வந்து கூப்பிட்டபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குதா?" இருக்கிறது என்றார்கள். ஏறிக்கொண்டார். வந்த முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தவர்கள் உண்டு. சும்மா சாப்பிட மனம் கேட்காமல் வேலை கேட்டார். துடைப்பம் கிடைத்தது. அதைப் பெரிய வரமாக வாங்கிக்கொண்டார்.

காப்பகத்துக்குப் பின் தெருவில் எல்லையம்மன் கோயில். ஊருக்கு எல்லையாக என்றோ உட்கார வைத்த தெய்வம். நகரம் அவளைத் தாண்டி எங்கோ போய்விட்டது. கோபுரம் கிடையாது. ஒரு கற்சிலையும், வீதிக்கு எழுந்தருளும் சிறிய உற்சவர் சிலையும்தான். விடிந்ததும் அம்மையார் போய்க் கோயில் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, படிக்கு வெளியே நின்று வேண்டுவார்: "தாயே, உள்ள வந்தவங்க உள்ளயே இருக்கணும். வெளிய கெடக்கறவங்க உள்ள வரணும்." தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை.

தனக்கென்று அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. ஆடிக் கடைசி வெள்ளியில் எல்லையம்மனுக்குச் சடை அலங்காரம் செய்து வீதியுலா எடுப்பார்கள். பக்தைகள் காணிக்கையாகக் கொடுத்த கூந்தலில் செய்த நீண்ட சவுரி ஒன்று கோயிலில் உண்டு. ஆண்டு முழுவதும் பெட்டியில் கிடந்து நூல்கண்டு போலச் சிக்கேறிவிடும். அதை எண்ணெய் தடவி, ஓர் இழை அறுபடாமல் சிக்கெடுத்துப் பின்ன யாருக்கும் பொறுமை இல்லை. பூசாரி ஏகாம்பரம் அந்த வேலையை அம்மையாரிடம் கொடுத்திருந்தார். அந்த ஒரு நாள் மட்டும் அவர் படியேறி உள்ளே போய், அம்மனின் முதுகுக்குப் பின்னால் உட்காருவார். பின்னி முடித்துப் பட்டுக் குஞ்சலம் கட்டுவார். அதற்காகத்தான் பிறந்தேன் என்று சொல்வார்.

அந்தப் பகுதியில் ஒரு பெண் சுற்றிக்கொண்டிருந்தாள். பேர் யாருக்கும் தெரியாது. தலைமுடி திரண்டு சடை விழுந்து தோளில் கயிறுகளாகத் தொங்கியதால் சடைச்சி என்றார்கள். சிலர் சாமி என்று கும்பிட்டார்கள். சிலர் கல்லெறிந்தார்கள். சோறு போட்டவர்கள் குறைவு. மாநகராட்சி வண்டிக்காரர்கள் சளைக்காமல் அவளைக் கூட்டி வந்தார்கள். அவளும் சளைக்காமல் ஓடிப்போனாள். காரணம் கத்தரிக்கோல். பேன் பரவினால் எல்லாருக்கும் துன்பம் என்று, சடை விழுந்து வருகிறவர்களுக்கு மொட்டை அடிப்பது காப்பகத்தின் வழக்கம். கத்தரியைக் கண்டதும் சடைச்சி வலப்பக்கத் தலையை இரு கையாலும் பொத்திக்கொண்டு அலறுவாள். கதவு திறந்தால் போதும், சாலைக்கு ஓடிவிடுவாள். ஒருமுறை லாரிச் சக்கரத்தில் சிக்க வேண்டியவள் மயிரிழையில் தப்பினாள்.

அந்த ஆண்டு ஆடிக் கடைசியில் மழை. சடைச்சியைக் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். மாநகராட்சி டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். காய்ச்சல் தணிந்ததும் மேற்பார்வையாளர் சாந்தகுமாரி முடி வெட்டுபவருக்குச் சொல்லி அனுப்பப் போனார். கடுமையான பெண் இல்லை. ஆனால் அறுபது பேரைக் கவனிக்க வேண்டியவர்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நாகபூசணம் அம்மையார் முன்னால் வந்து நின்றார். "மேடம், கத்திரி வேணாம். நான் சிக்கெடுத்துடறேன்."

"அது தலைமுடியா நாகபூசணம்? தேங்கா நாருக் கயிறு."

"அம்மன் சவுரிய வருசா வருசம் எடுக்கறேன் மேடம்."

பக்கத்துப் பாயில் இருந்த அலமேலு சிரித்துவிட்டாள். "அம்மன் சவுரில பேனு இருக்காது கெய்வி! இவ பேனு உன் தலைக்குக் குடித்தனம் வந்துடும். அதுக்கும் கார்ப்பரேசன்காரன் பாய் குடுக்கணும்!" கூடமே சிரித்தது. அம்மையாரும் சிரித்தார். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

சாந்தகுமாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடி வெட்றவரு வருவாரு. அதுக்குள்ள முடிஞ்சா சரி. இல்லேன்னா மொட்டை. மத்தவங்களையும் நான் பாக்கணும்ல?"

அம்மையார் தலையாட்டினார். அந்த வெள்ளி ஆடிக் கடைசி வெள்ளி என்பது அவருக்கு அப்போதே நினைவிருந்தது. அதற்குள் முடித்துவிடலாம் என்று நம்பினார்.

முதல் நாள் அவர் அந்தத் தலையைத் தொடவே இல்லை. சடைச்சிக்கு எதிரே உட்கார்ந்து, தன் நரைத்த கூந்தலை அவிழ்த்துவிட்டு, சீப்பை அவள் கையில் கொடுத்தார். சடைச்சி வெகுநேரம் சீப்பையே பார்த்தாள். பிறகு மெல்ல அந்த நரைமுடியை ஒரு வாரு வாரினாள். அதன் பின்னரே அம்மையார் வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து சூடு காட்டிக் கொண்டுவந்தார்.

அவருடைய முறை ஒன்றுதான். வேர்ப்பக்கத்திலிருந்து பிரிக்க மாட்டார். நுனியிலிருந்து தொடங்குவார். வேரை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார், இழுப்பு மண்டைக்கு ஏறாதபடி. ஒவ்வொரு முடிச்சுக்கும் முன்னால், "இத எடுக்கட்டுமா தாயே?" என்று கேட்பார். பதில் வராது. கையைத் தட்டிவிட்டால் அந்த முடிச்சை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒருநாள் சடைச்சி அவர் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. "கோவிச்சிக்காத தாயே, அவசரப்பட்டுட்டேன்" என்று அம்மையார்தான் மன்னிப்புக் கேட்டார். அலமேலு அன்று சிரிக்கவில்லை. மஞ்சள் தூளைக் கொண்டுவந்து கடிவாயில் அப்பினாள்.

சிக்கிலிருந்து என்னென்னவோ உதிர்ந்தன. காய்ந்த பூ நார், துருப்பிடித்த ஹேர்பின், பஸ் டிக்கெட், வைக்கோல். இழை இழையாகக் கூந்தல் அவிழ்ந்து இறங்கியது. ஆனால் வலக்காதுக்குப் பின்னால் எலுமிச்சை அளவில் ஒரு முடிச்சு. அதைத் தொட மட்டும் சடைச்சி விடவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது அது ஒன்றுதான் பாக்கி. மொட்டை அடித்தால் அவள் ஓடுவாள். ஓடினால் வெளியே மழை, லாரி, காய்ச்சல். இனி ஒரு தடவை அவளை உயிரோடு தூக்கி வர முடியாது என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார்.

மதியம் பூசாரி ஏகாம்பரம் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நாகபூசணம், நீ இன்னும் இங்கயே குந்திக்கினு கீறியா? சவுரி பெட்டியிலயே கெடக்குது. விளக்கு வெச்சா சாமி புறப்பாடு. கெளம்பு."

அம்மையார் எழப் போனார். சடைச்சியின் விரல்கள் அவர் முந்தானையைப் பிடித்திருந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பூசாரி ஐயா, இவங்களுக்கு ஒரு முடிச்சு பாக்கி. நான் எழுந்தா கத்திரி வந்துடும்."

"அம்மனவிட இந்தப் பைத்தியம் உனக்கு ஒசத்தியாப் பூடுச்சா?"

"அம்மனுக்கு வீடு இருக்குது ஐயா. இவங்களுக்கு இப்பத்தான் ஒண்ணு கெடைக்கப் போவுது. ஆத்தா பொறுத்துக்குவா."

"பொறுக்க மாட்டா! சடை பின்ன வேற ஆளை நான் பாத்துக்கறேன். இனிமே உன் தொடப்பம் கோயில் வாசல்ல படக்கூடாது, சொல்ட்டேன்."

பூசாரி போய்விட்டார். ஆண்டு முழுவதும் காத்திருந்த ஒரு நாளும், தினமும் நின்று வேண்டிய ஒரு வாசலும், அந்த ஒரு சொல்லில் போயின. அம்மையார் வாய்விட்டு அழவில்லை. "தாயே, உன் சடைய நெனச்சிக்கினே இதத் தொடறேன்" என்று மட்டும் முணுமுணுத்தார். கண்ணீர் சொட்டி, சடைச்சியின் எண்ணெய்க் கூந்தலில் விழுந்தது.

சடைச்சி திரும்பிப் பார்த்தாள். தனக்காக ஒருவர் அழுவதை அவள் பார்த்து எத்தனை காலமோ. கடிபட்ட அந்தக் கையை மெல்ல எடுத்து, தன் வலக்காதுக்குப் பின்னால், அந்த முடிச்சின் மேல் வைத்தாள்.

"எடுக்கட்டுமா தாயே?" என்றார் அம்மையார்.

"ம்" என்றாள் சடைச்சி.

நுனியிலிருந்து, இழை இழையாக, அம்மையார் அவிழ்த்தார். சாயங்காலம் முடி வெட்டுபவரும் சாந்தகுமாரியும் வந்து கதவருகே நின்றபோது கடைசி இழை பிரிந்தது. உள்ளேயிருந்து அம்மையாரின் மடியில் விழுந்தது ஒரு சின்னஞ்சிறு கருப்பு வளையல். திருஷ்டி படாமல் இருக்கக் கைக்குழந்தைக்குப் போடுவார்களே, அது.

சடைச்சி அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "பாப்பாவோடது" என்றாள். "பாப்பா செத்துப் பூட்டா. நான் தூங்கசொல்ல எவனாச்சும் வளையல எடுத்துக்கினு பூடுவான்னு இங்க வெச்சேன்." பிறகு, நீண்ட நாள் பூட்டிக் கிடந்த கதவு திறப்பது போல, "என் பேரு ரஞ்சிதம்" என்றாள்.

வீடில்லாதவளுக்குப் பெட்டி ஏது, பீரோ ஏது? அந்தச் சடைதான் அவளுக்கு எல்லாம். அதைத்தான் ஒவ்வொரு முறையும் வெட்டி எறியப் பார்த்தார்கள். சாந்தகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அண்ணே, நீங்க போங்க" என்றார். முடி வெட்டுபவர் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு நான் வரவே இல்லம்மா" என்று சொல்லி நடந்தார்.

அம்மையார் ரஞ்சிதத்தின் கூந்தலை வாரி ஒற்றைச் சடையாகப் பின்னினார். கட்ட ரிப்பன் இல்லை. தன் பழம்புடவையின் பச்சைக் கரையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார். அப்போது விளக்கு வைக்கும் நேரம்.

கோயிலில் பூசாரி ஏகாம்பரம் வேறு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். தானே பின்னிவிடலாமென்று பெட்டியைத் திறந்தார். பட்டுக் குஞ்சலம் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. சவுரியைக் காணவில்லை. திருடு போயிற்றென்று பதறி, உற்சவர் முன் தொங்கிய திரையை விலக்கினார். வேப்பெண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. எல்லையம்மன் நின்றாள். முதுகில் ஓர் இழை பிசகாமல் பின்னிய சடை. நுனியில் இரட்டை முடிச்சிட்ட பச்சைக் கரைத் துண்டு.

அந்த முடிச்சு பூசாரிக்குத் தெரியும். நாகபூசணம் கடைசியில் வந்து பின்னிவிட்டுத் தன்னிடம் சொல்லாமல் போய்விட்டாள் என்றே நினைத்தார். அவ்வளவு ஏசிவிட்டோமே என்று ஈரத்தெருவில் ஓடி வந்தார்.

"நாகபூசணம் எப்ப கோயிலுக்கு வந்துச்சு?" என்று சாந்தகுமாரியைக் கேட்டார்.

"கோயிலுக்கா? காலைலேந்து இந்த எடத்த விட்டு எழுந்திரிக்கல ஐயா. சோறே நான்தான் கொண்டாந்து குடுத்தேன்."

பூசாரி ரஞ்சிதத்தின் சடையைப் பார்த்தார். அதே பச்சைக் கரை. அதே இரட்டை முடிச்சு. அம்மையாரின் புடவையைப் பார்த்தார். ஒரு துண்டு கிழிந்த இடம் மட்டுமே இருந்தது. கிழிந்தது ஒன்று, கட்டியது இரண்டு சடை. அவருக்குப் புரிந்துவிட்டது. நெடுஞ்சாண்கிடையாக அம்மையாரின் காலில் விழுந்தார்.

"அய்யய்யோ, இன்னா பூசாரி ஐயா இது!" என்று அம்மையார் பதறிப் பின்வாங்கினார். திரைக்குப் பின்னால் கண்டதைப் பூசாரி சொல்லக் கேட்டதும் கோயில் இருந்த திசை நோக்கிக் கைகூப்பினார். "என் கை வரலன்னு நீயே வந்து என் கைய எடுத்துக்கினியா ஆத்தா?" என்று அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

அன்று எல்லையம்மன் வழக்கமான வீதியில் போகவில்லை. லாரிகளை நிறுத்திவிட்டு, பெரிய சாலை வழியாக வந்து, காப்பக வாசலில் நின்றாள். பெண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ரஞ்சிதம், கையில் கருப்பு வளையலோடு. அம்மனின் முதுகிலும் அவள் முதுகிலும் ஒரே மாதிரிச் சடை தொங்கியது. பூசாரி முதல் மாலையை அம்மையாருக்குப் போட்டார். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கதவின் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் காப்பகத்தில் யாருக்கும் சம்மதம் கேட்காமல் முடி மழிப்பதில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு, எண்ணெய்க் கிண்ணமும் பேன் சீப்பும் வைத்தார் சாந்தகுமாரி. அலமேலு அங்கே முதல் ஆளாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். வண்டிக்காரர்கள் பாலத்தடியில் போய், "வாங்கம்மா, நம்ம எடத்துல எதுவும் கேட்டுட்டுத்தான் செய்வாங்க" என்று சொல்ல, ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியில் ஏறினார்கள். அம்மையார் விடியலில் மறுபடியும் கோயில் வாசலைப் பெருக்கினார். பூசாரி உள்ளே கூப்பிட்டும், தன் இடம் படிக்கு வெளியேதான் என்று சொல்லிவிட்டார்.

வேரை அழுத்திப் பிடித்து, நுனியிலிருந்து தொடங்கி, கேட்டுக் கேட்டுச் சிக்கெடுத்த கைகள் அவை. அம்மனே கடன் வாங்கிய அந்தக் கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.